ஆறாத புண்ணுக்குக் காவல் வந்தவர்கள்

சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒட்டிச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்று நிற்கும்படி திருப்பி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்துப் பார்க்க வேண்டும். நலமான வாய் என்றால் மூன்றும் தடையில்லாமல் நுழையும். இரண்டோடு நின்றுவிட்டால் கன்னத்தின் உட்புறம் இறுகத் தொடங்கியிருக்கலாம். பல் வைத்தியர்கள் சொல்லித்தரும் சோதனைகளில் இதைவிட எளியது இல்லை. இதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

தேயிலைத் தோட்டத்து லயங்களில் இந்த இறுக்கம் சாப்பாட்டு வேளையில்தான் முதலில் தெரியவரும். நேற்றுவரை ரொட்டியோடு தொட்டுத் தின்ற கட்டச் சம்பல் இன்று நாக்கில் பட்டதுமே எரிகிறது. சில மாதங்களில் உள்கன்னம் வெளிறுகிறது. விரலால் தடவினால் நரம்புபோல் நார்கள் தட்டுப்படுகின்றன. கொட்டாவி விடும்போது தாடை பாதியில் நிற்கிறது. வலி அதிகமில்லை, காய்ச்சல் இல்லை, வேலை நின்றுபோவதில்லை. ஆகவே யாரும் அதை நோயாக எண்ணுவதில்லை.

அந்தக் கன்னத்துக்குள் அப்போது நடப்பது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. புற்றுநோய் என்றதும் கட்டுப்பாடற்றுப் பெருகும் கெட்ட கலங்களே நினைவுக்கு வரும். ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகால ஆய்வுகள் காட்டும் படத்தில் வேறொரு கூட்டமும் இருக்கிறது. புண்ணை ஆற்றவும் கிருமியைக் கொல்லவும் உடல் அனுப்பிவைத்த நோயெதிர்ப்புக் கலங்கள் அங்கே திரண்டு நிற்கின்றன. அவற்றுள் ஒரு பகுதி புற்றோடு போராடுகிறது. இன்னொரு பகுதி காலப்போக்கில் அந்தப் புற்றுக்கே உணவு கொடுத்து, பாதை வெட்டி, கழுத்துக்கும் நுரையீரலுக்கும் வழியனுப்பி வைக்கிறது.

மலையும் வெற்றிலையும்

பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை என்று இலங்கையின் ஊவா மாகாணத்து மலைச்சரிவுகள் முழுவதும் தேயிலைதான். வடகீழ்ப் பருவக்காற்றின் மாதங்களில் மழையும் பனியும் இறங்கும். ஆடி ஆவணியில் கச்சான் காற்று வறண்டு வீசும்போது ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறும். எந்தக் காலமானாலும் விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்குப் போக வேண்டும், மலையேற வேண்டும், கூடை நிறைய வேண்டும், மடுவத்தில் கொழுந்து நிறுக்க வேண்டும். இந்த நாளின் இடைவெளிகளை நிரப்புவது வெற்றிலை.

ஒரு வாய் வெற்றிலை என்பது பாக்கு, சுண்ணாம்பு, பெரும்பாலும் ஒரு துண்டுப் புகையிலை ஆகிய மூன்றும் சேர்ந்தது. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் நரம்புகளைத் தூண்டுகிறது. முகம் சூடேறுகிறது, இலேசாக வியர்க்கிறது, சோர்வும் பசியும் சற்று மறக்கின்றன. குளிரில் நனைந்து நின்று கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு இது சாதாரண உதவியில்லை. தமிழகத்திலிருந்து வந்த முன்னோர் சீர்வரிசையோடும் சாமி கும்பிடலோடும் சேர்த்தே வெற்றிலையைக் கொண்டுவந்தார்கள். மலையின் வேலையும் குளிரும் அதை நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கமாக்கின. ஆண்களோடு பெண்களும் போடுகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் மடிப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகளும் வாய் சிவக்கப் பழகுகிறார்கள்.

விலை பிறகு வருகிறது. இலங்கை ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூட்டை 1985-இலேயே புற்றுநோய் உண்டாக்குவது என்று அறிவித்தது. 2004-இல் வெளிவந்த அதன் அறிக்கை இன்னும் ஒரு படி மேலே சென்றது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே போதும் என்று அது தீர்ப்புச் சொன்னது. "பொயில போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்று தோட்டங்களில் சொல்லப்படும் சமாதானம் அன்றோடு செல்லாமல் போயிற்று.

தினம் திறக்கும் காயம்

சுண்ணாம்பு பாக்கின் சாற்றைக் காரமாக்குகிறது. அந்தச் சூழலில் பாக்கின் பொருள்களிலிருந்து ஒட்சிசன் சார்ந்த கூர்மையான மூலக்கூறுகள் பிறந்து கலங்களின் மரபுப் பொருளைச் சேதப்படுத்துகின்றன. கரடுமுரடான பாக்குத் துண்டுகள் உள்கன்னத்தின் மென்தோலை உரசுகின்றன. அரிகோலின் அந்த உரசலின் வழியே உள்ளே இறங்கி, இழையங்களுக்குக் கட்டுக்கோப்புத் தரும் கலங்களை அதிகக் கொலாஜன் நார் உற்பத்தி செய்யத் தூண்டுகிறது. பாக்கில் செம்பு அதிகம். நார்களை ஒன்றோடொன்று பின்னிப் பூட்டும் நொதியம் வேலை செய்யச் செம்பு தேவை. ஆகவே நார் கூடுவதோடு, கரையாமலும் இறுகுகிறது. மூன்று விரல் நுழையாத வாய் இப்படித்தான் உருவாகிறது.

இந்த நிலையை 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் ஆபிரிக்காவின் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் கண்டு எழுதினார். மறு ஆண்டில் மும்பையைச் சேர்ந்த ஜோஷி அதற்கு 'வாயின் சவ்வடி நார்ப்படிவு' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். கேரளத்தின் எர்ணாகுளத்தில் இந்நோயுள்ள 66 பேரை 17 ஆண்டுகள் விடாமல் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 1985-இல் வெளிவந்தது. அவர்களில் 7.6 வீதத்தினருக்கு வாய்ப்புற்று வந்திருந்தது. இறுகிய எல்லா வாயும் புற்றாவதில்லை என்பது இதில் ஆறுதல். பன்னிருவரில் அல்லது பதின்மூவரில் ஒருவருக்கு ஆகிறது என்பது எச்சரிக்கை.

நுணுக்குக்காட்டியில் அந்தக் கன்னத்தை வைத்துப் பார்த்தால் நார் இறுகுவதற்கு முன்பே அங்கே ஒரு கூட்டம் வந்து சேர்ந்திருப்பது தெரியும். முதலில் நியூட்ரோபில் எனப்படும் முன்வரிசை வெண்குருதிக் கலங்கள் வருகின்றன. பிறகு நிணநீர்க் கலங்களும் பிளாஸ்மாக் கலங்களும் குடியேறுகின்றன. பாக்கு உண்டாக்கிய காயத்தைக் கேட்டு ஓடிவந்தவை இவை. கையில் கத்தி பட்டால் இதே கூட்டம் வரும். ஒரு வாரத்தில் வேலையை முடித்துத் திரும்பிப் போகும். கன்னத்தில் மட்டும் வேலை முடிவதில்லை. ஆறத் தொடங்கும் புண்ணின்மீது அடுத்த வாய் வெற்றிலை வந்து விழுகிறது.

இலங்கை நோயாளிகளிடமிருந்தே கிடைத்த இன்னொரு சான்றும் உண்டு. 2018-இல் வெளியான ஆய்வொன்றில் மனோஷா பெரேராவும் அவருடைய சகாக்களும் வாய்ப்புற்றுள்ள 25 இலங்கை ஆண்களின் இழையத்தையும், புற்றல்லாத சாதாரணக் கட்டியுள்ள 27 பேரின் இழையத்தையும் எடுத்து, அவற்றினுள் வாழும் பற்றீரியாக்களை மரபணு முறையில் ஒப்பிட்டார்கள். புற்று இழையத்தில் அழற்சியைத் தூண்டும் தன்மைகள் கொண்ட பற்றீரியாக் கூட்டமே மேலோங்கி இருந்தது. நோயெதிர்ப்புக் கலங்களை இடைவிடாமல் கூவி அழைக்கும் குரல்கள் பாக்கிலிருந்து மட்டுமல்ல, வாயின் நுண்ணுயிர்களிடமிருந்தும் எழுகின்றன என்று இதைப் படிக்கலாம்.

கட்சி மாறும் காவல்

புற்றுக்குள் வெண்குருதிக் கலங்கள் கிடப்பதை 1863-இலேயே ஜெர்மனியின் ருடோல்ஃப் விர்ஷோ பார்த்திருந்தார். நாட்பட்ட எரிச்சலுள்ள இடத்தில்தான் புற்று முளைக்கிறது என்று அவர் கருதினார். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, இத்தாலியின் மெசினாக் கடற்கரையில் எலி மெச்னிகோவ் நட்சத்திரமீனின் குஞ்சுக்குள் ஒரு முள்ளைக் குத்திவைத்து, அடுத்த நாள் காலையில் நடமாடும் கலங்கள் அந்த முள்ளைச் சூழ்ந்திருப்பதைக் கண்டார். அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் அந்தக் கலங்களின் கதைக்கு 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட பால் ஏர்லிக், நோயெதிர்ப்பு ஆற்றல் இல்லாவிட்டால் புற்றுநோய் இன்னும் மிகுதியாக வந்திருக்கும் என்று கருதியவர். இரண்டு பார்வைகளும் அடுத்த நூறாண்டில் தனித்தனியே வளர்ந்தன. ஒன்று காவலைப் பற்றியது, மற்றது அழற்சியைப் பற்றியது.

1986-இல் அமெரிக்க நோயியலாளர் ஹரல்ட் டுவோராக் ஒரு கட்டுரையில் புற்றுக்கட்டிகளை 'ஆறாத புண்கள்' என்று அழைத்தார். காயம் ஆறும்போது புதிய குருதிக்குழாய் முளைக்கிறது, நார் பின்னப்படுகிறது, கலங்கள் பெருகி இடைவெளியை மூடுகின்றன. புற்று இந்த மூன்றையும் அப்படியே இரவல் வாங்கிக்கொள்கிறது, ஆனால் நிறுத்துவதில்லை என்பதே அவர் சொன்னது. பாக்கால் இறுகிய கன்னத்துக்கு இதைவிடப் பொருத்தமான வருணனை கிடைப்பது அரிது.

காவலைப் பற்றிய பார்வையையும் புதிய சான்றுகள் திருத்தின. 2001-க்குப் பிறகு ரொபர்ட் ஷ்ரைபரின் குழு எலிகளில் செய்த ஆய்வுகள் மூன்று கட்டங்களைக் காட்டின. முதற்கட்டத்தில் டி-கலங்கள் எனப்படும் நிணநீர்க் கலங்கள் உள்ளிட்ட காவலர்கள் திரிந்த கலங்களைக் கண்டுபிடித்துக் கொன்றுவிடுகின்றன. இரண்டாவதில் முழுவதும் கொல்ல முடியாமல் வளரவும் விடாமல் இழுபறி நடக்கிறது. அது ஆண்டுக்கணக்கில் நீளலாம். மூன்றாவதில் காவலின் கண்ணில் படாத கலங்கள் மட்டும் மிஞ்சித் தப்பிக்கின்றன. கொழுந்து பறிப்பவர்களுக்கு இதை விளக்குவது கடினமில்லை. பூச்சிமருந்து அடிக்க அடிக்க, மருந்துக்குச் சாகாத பூச்சிகளின் பரம்பரையே மலையில் மிஞ்சும். காவலர்கள் களையெடுத்ததாலேயே கெட்டிக்காரக் கலங்கள் தேறிவருகின்றன.

தப்பிய புற்று அடுத்ததாகக் காவலர்களையே மாற்றுகிறது. இதில் முதன்மையான பாத்திரம் பெருவிழுங்கிகளுக்கு. மெச்னிகோவ் கண்ட விழுங்கும் கலங்களின் வழிவந்தவை இவை. இவற்றுக்கு இரண்டு முகங்கள் உண்டு. கிருமியைச் சந்தித்தால் சண்டை முகம், காயம் ஆறும் நேரத்தில் பராமரிப்பு முகம். பராமரிப்பு முகத்தோடு நிற்கும்போது அவை குருதிக்குழாயை வளர்க்கும் சைகைகளை வெளியிடும், பழைய நாரைக் கரைக்கும், சண்டையை அடக்கும். புற்று தொடர்ந்து அனுப்பும் வேதிச்சைகைகள் அவற்றை இந்த இரண்டாவது முகத்திலேயே நிறுத்திவைக்கின்றன. வாய்ப்புற்று இழையங்களில் இத்தகைய பெருவிழுங்கிகள் மிகுந்திருப்பவர்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

பாதை வெட்டுபவர்கள்

நியூயோர்க்கின் அல்பேர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஜெஃப்ரி பொலார்டின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் திருப்புமுனை. மார்புப் புற்று தானாக வரும் எலிகளில், பெருவிழுங்கிகளை வளர்த்தெடுக்கும் சைகைப் புரதம் இல்லாதபடி மரபணுவை மாற்றினார்கள். கட்டி வழக்கம்போலவே தோன்றியது. ஆனால் அது முற்றிய நிலைக்குப் போவதும் நுரையீரலுக்குப் பரவுவதும் வெகுவாகத் தாமதித்தன. அந்தப் புரதத்தை மார்பு இழையத்தில் மீண்டும் சேர்த்தபோது பெருவிழுங்கிகள் திரும்பின, பரவலும் திரும்பியது. புற்று தோன்றுவதற்கு மட்டும் அதன் கலங்களே போதும், ஊர் விட்டு ஊர் போவதற்குத் துணை வேண்டும் என்பது அன்று தெளிவானது.

துணை எப்படி நடக்கிறது என்பதை அதே நிறுவனத்தின் ஜோன் கொண்டீலிஸ் குழு உயிருள்ள எலியின் கட்டியை நுணுக்குக்காட்டியில் படம்பிடித்துக் காட்டியது. பெருவிழுங்கி ஒரு வளர்ச்சிச் சைகையை வெளியிடுகிறது. புற்றுக்கலம் அதை நோக்கி நகர்கிறது. நகர்ந்த புற்றுக்கலம் பதிலுக்குப் பெருவிழுங்கியை ஈர்க்கும் சைகையை வெளியிடுகிறது. இப்படி மாறிமாறிக் கைகோத்து இரண்டும் கொலாஜன் நாரின் வழியே நடந்து குருதிக்குழாயை அடைகின்றன. குழாயின் சுவரை ஒட்டி நிற்கும் பெருவிழுங்கி அங்கே சுவரை இளக்கிக்கொடுக்க, புற்றுக்கலம் குருதிக்குள் நுழைகிறது. காட்டுமலையில் கத்தியோடு முன்னே போய்ப் பாதை வெட்டிக்கொடுப்பவருக்குப் பின்னால் நடப்பதுபோல.

நியூட்ரோபில்களின் பங்கும் குறைவில்லை. இவை கிருமியைப் பிடிக்கத் தம் மரபுப் பொருளையே வலைபோல வெளியே வீசும். 2018-இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் மிக்காலா ஏகபிளாடின் குழு எலிகளில் கண்டது வியப்பானது. நுரையீரலில் அசைவற்று உறங்கிக்கிடந்த புற்றுக்கலங்கள், புகையிலைப் புகையால் அங்கே அழற்சி உண்டானதும் விழித்துக்கொண்டன. நியூட்ரோபில்கள் வீசிய வலையில் ஒட்டியிருந்த நொதியங்கள் அருகிலிருந்த ஒரு புரதத்தை வெட்டின. வெட்டுப்பட்ட அந்தப் புரதமே உறங்கும் கலங்களை எழுப்பும் சைகையானது. இது மார்புப் புற்றில் கண்டது, எலியில் கண்டது. என்றாலும் புற்றுக்குச் சிகிச்சை முடிந்த ஒருவர் புகைப்பதை ஏன் முற்றாக விட வேண்டும் என்பதற்கு இது ஒரு கூர்மையான விளக்கம்.

இன்னும் விந்தையான செய்தி 2005-இல் வந்தது. டேவிட் லைடனின் குழு, கட்டியின் கலங்கள் நுரையீரலுக்குப் போய்ச்சேரும் முன்பே எலும்பு மச்சையிலிருந்து புறப்பட்ட கலங்கள் அங்கே போய் இடம் ஒழுங்குசெய்வதை எலிகளில் காட்டியது. குடிபோகிற வீட்டுக்கு முதல்நாளே ஆளனுப்பிக் கூட்டிப் பெருக்கி வைப்பதற்கு ஒப்பான வேலை இது. அனுப்பப்படும் ஆட்களோ நம் உடலின் சொந்தப் பாதுகாப்புக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

கழுத்துக் கணு

வாய்ப்புற்று பரவும்போது பெரும்பாலும் முதலில் இறங்கும் இடம் கழுத்து. தாடைக்கு அடியிலும் கழுத்தின் இருபுறமும் உள்ள நிணநீர்க் கணுக்கள் நோயெதிர்ப்புக் கலங்களின் முகாம்கள். தொண்டை வலி வந்தால் அங்கே நெறிகட்டுவது அதனால்தான். நெறிகட்டி நோகும் கணுவுக்குப் பெரும்பாலும் கிருமித்தொற்றே காரணம். நோவில்லாமல், கல்போல இறுகி, வாரக்கணக்கில் குறையாமல் நிற்கும் கணுவைத்தான் அஞ்ச வேண்டும். கழுத்துக் கணுவில் புற்று இறங்கிவிட்டால் ஒருவர் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.

பாதுகாப்பு முகாமிலேயே புற்று எப்படிக் குடியேறுகிறது? இங்கே ஒழுங்குபடுத்தும் டி-கலங்கள் வருகின்றன. ஷிமோன் சககுச்சி 1995-இல் அடையாளம் காட்டிய இவை, காவலர்கள் சொந்த உடலையே தாக்கிவிடாமல் அடக்கிவைப்பவை. 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் இந்தக் கண்டுபிடிப்புகளுக்காகவே கிடைத்தது. உடலுக்கு இன்றியமையாத இந்த அடக்கும் ஆற்றலைப் புற்று தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2022-இல் எலிகளில் காட்டியதன்படி, கணுவில் குடியேறிய புற்று அங்குள்ள ஒழுங்குபடுத்தும் டி-கலங்களைப் பெருக்கி, 'இவை நம் ஆட்கள், தாக்காதே' என்ற பொறுமையை உடலுக்குப் பழக்குகிறது. அந்தப் பழக்கம் கணுவோடு நிற்பதில்லை. தொலைவிலுள்ள உறுப்புகளிலும் புற்றுக்கு எதிர்ப்புக் குறைகிறது. கணு என்பது வழியில் உள்ள ஒரு தரிப்பிடம் மட்டுமில்லை, அங்கேதான் புற்றுக்கு மேற்கொண்டு பயணம் போக அனுமதிச் சீட்டு கிடைக்கிறது.

அறுவைச் சிகிச்சையில் இதன் எதிரொலி முன்பே கேட்டிருக்கிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் அனில் டிகுரூஸ் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பநிலை வாய்ப்புற்று உள்ளவர்களுக்குக் கழுத்தில் கட்டி தெரியாதபோதே கணுக்களை அகற்றியவர்களில் 80 வீதத்தினர் மூன்றாண்டுகள் கழித்து உயிரோடு இருந்தார்கள். கட்டி தெரிந்த பிறகு அகற்றலாம் என்று காத்திருந்தவர்களில் அது 67.5 வீதம். முகாம் எதிரியின் கைக்குப் போகும் வரை காத்திருப்பதன் விலை அந்த இடைவெளியில் தெரிகிறது.

பூட்டைத் திறக்கும் மருந்து

காவலர்களை மீண்டும் நம் பக்கம் திருப்ப முடியுமா என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. டி-கலத்தின் மேற்பரப்பில் தாக்குதலை நிறுத்தும் பூட்டுகள் உண்டு. புற்று அவற்றில் ஒன்றான பிடி-1 என்பதைப் பூட்டிவிட்டுத் தப்பிக்கிறது. இந்தப் பூட்டுகளை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொன்ஜோவும் 2018-இல் நோபல் பெற்றார்கள். பூட்டை மறைத்து டி-கலத்தை விடுவிக்கும் நிவோலுமாப் என்ற மருந்து, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத தலை-கழுத்துப் புற்று உள்ளவர்களிடம் சோதிக்கப்பட்டது. 2016-இல் வந்த முடிவின்படி ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 36 வீதம். பழைய மருந்துகளில் அது 16.6 வீதம். கட்டி சுருங்கியவர்கள் ஏழெட்டுப் பேரில் ஒருவர்தான். சுருங்கியவர்களில் சிலருக்கு அது நெடுங்காலம் நீடித்தது.

விலைதான் மலை. இந்தியாவிலும் இலங்கையிலும் இம்மருந்தை முழு அளவில் மாதாமாதம் வாங்க மிகச் சிலராலேயே முடியும். டாட்டா நினைவு மருத்துவமனையின் விஜய் பட்டீல், குமார் பிரபாஷ் ஆகியோரின் குழு இங்கேதான் துணிச்சலான கேள்வியைக் கேட்டது. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான 20 மில்லிகிராம் நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்து, விலை குறைந்த மாத்திரைகளோடு சேர்த்தால் என்ன ஆகும்? 151 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மாத்திரைகள் மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 வீதம். சிற்றளவு நிவோலுமாப் சேர்த்தவர்களில் 43.4 வீதம். பாக்கும் புகையிலையும் கொல்லும் நாடுகளுக்காக, அந்த நாடுகளில் ஒன்றிலேயே கேட்கப்பட்டுக் கிடைத்த பதில் இது. இலங்கையின் வைத்தியர்களும் திட்டமிடுவோரும் ஊன்றிப் படிக்க வேண்டியது.

ஆனாலும் 43 வீதம் என்பது ஓராண்டுக் கணக்கு. மருந்து எவ்வளவு முன்னேறினாலும், முற்றிய நிலையில் வருபவருக்குத் தரக்கூடியது பெரும்பாலும் மாதங்களே. காவலர்கள் கட்சி மாறுவதற்கு முன்னால் ஒரு காலம் இருக்கிறது. அந்தக் காலத்தைப் பிடிப்பதுதான் தோட்டங்களின் முன்னால் உள்ள வேலை.

திட்டு தெரியும் காலம்

மற்ற பல புற்றுகளுக்கு இல்லாத ஒரு வசதி வாய்ப்புற்றுக்கு உண்டு. கண்ணால் பார்க்கலாம். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, பட்டுப்போன்ற சிவந்த திட்டு, இறுகி வெளிறிய கன்னம், மூன்று வாரமாகியும் ஆறாத புண் ஆகியவை பெரும்பாலும் இழுபறிக் கட்டத்தின் அடையாளங்களாக இருக்கலாம். காவலர்களில் பெரும்பகுதி இன்னும் நம் பக்கம் நிற்கும் காலம் அது. வெற்றிலையை விட்டால் வெள்ளைத் திட்டுகளில் பல மங்கி மறையும். இறுகிய நார் திரும்பி இளகுவது அரிது, ஆனால் மேலும் இறுகுவது தடைப்படும். தினம் திறக்கும் காயம் மூடினால் அழைப்பொலி நிற்கும், கூட்டம் கலையும்.

பார்ப்பதற்கு நிபுணர் வேண்டுமா? இலங்கையிலேயே இதற்கு விடை கண்டார்கள். சமன் வர்ணகுலசூரியவும் அவருடைய சகாக்களும் 1984-இல் உலக சுகாதார அமைப்பின் சஞ்சிகையில் எழுதிய ஆய்வில், சிறு பயிற்சி பெற்ற ஆரம்பச் சுகாதார ஊழியர்கள் ஓராண்டில் 28,000-க்கும் மேற்பட்டோரின் வாயைப் பார்த்தார்கள். 1,220 பேரிடம் சந்தேகத்துக்குரிய திட்டுகளைக் கண்டு மேற்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்தவர்களைப் பரிசோதித்தபோது ஊழியர்களின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. குறை வேறிடத்தில் இருந்தது. அனுப்பப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர்தான் பரிசோதனைக்கு வந்தார்கள்.

கேரளத்தின் திருவனந்தபுரத்தில் சங்கரநாராயணன் குழு 1996-இல் தொடங்கி நடத்திய பெரும் ஆய்வு அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று வாயைப் பார்த்த ஊர்களில், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 வீதம் குறைந்திருந்ததை 2005-இல் அறிவித்தார்கள். ஒரு கைவிளக்கும் பழகிய கண்ணும் உயிர்காக்கின்றன என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இலங்கை ஆய்வில் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட அந்தப் பாதிப்பேர் ஏன் வரவில்லை என்பதைத் தோட்டத்தில் வாழ்பவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். மேல்மலைத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறிப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கொழும்பை அடுத்த மகரகமையின் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால் பயணம் ஓர் இரவையும் விழுங்கும். பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயில் பாதையே ஏறத்தாழ 290 கிலோமீட்டர். கூடப் போகும் மகனுக்கோ மகளுக்கோ அவர்களுடைய பேரும் போகும். வைத்தியசாலைகளின் தகவல் பலகையும் சீட்டும் சிங்களத்தில் மட்டும் இருந்தால், எழுதப்பட்டதைப் படித்துக்காட்ட இன்னொருவர் வேண்டும். வலிக்காத வெள்ளைத் திட்டுக்காக இவ்வளவையும் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

ஆகவே வாயைப் பார்க்கும் இடம் வேலைக்கு அருகே இருக்க வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரஷர் பார்க்க வருபவரின் வாயையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். பிள்ளைக் காம்பராவுக்குக் குழந்தையை விட வரும் தாய்மாருக்கு மூன்று விரல் சோதனையைச் சொல்லிக்கொடுக்கலாம். சம்பள நாளில் ஆட்கள் திரளும் இடத்தில் மாவட்டப் பல் வைத்தியரின் குழு அரை நாள் உட்காரலாம். திட்டு கண்டவருக்குப் பரிசோதனை நாளைப் பேர் வெட்டாத நாளாகத் தோட்ட நிர்வாகம் எழுதிக்கொடுத்தால், 1984 ஆய்வில் வராமல் போன அந்தப் பாதியைப் போன்றோரில் பெரும்பங்கு வந்துசேரும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் வைக்கும் கோரிக்கைகளோடு இதையும் சேர்க்கலாம். நிர்வாகத்துக்கு ஆகும் செலவு ஆளுக்கு ஒருநாள் கூலி.

டிஸ்பென்சரியில் வாயைப் பார்க்கத் தேவையான பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன: ஒரு டோர்ச், நாக்கை அழுத்தும் ஒரு மரச்சட்டம், கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்க ஒரு கையுறை, திட்டு எங்கே என்று குறித்துக்கொள்ள ஒரு கொப்பி. பார்க்க வேண்டிய இடங்கள் ஆறு. இரு கன்னங்களின் உட்புறம், நாக்கின் இரு ஓரம், நாக்குக்கு அடியில் உள்ள தளம், உதட்டின் உட்புறம், ஈறு, அண்ணம். பழகிய கைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். முடிந்ததும் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் விரலால் தடவி, நோகாத இறுகிய கணு ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டு, அடுத்தவரை உள்ளே அழைக்கலாம்.